இரவலுக்கு அல்ல

நூலகத்தின் புதிய கணினிப் பட்டியலில் புத்தகங்கள் வட்டங்களாக மிதந்தன. அதிகம் இரவல் போனவை பெரிய வட்டம். போகாதவை வெறும் புள்ளி. தலைமை நூலகர் திரையில் விரல்களை வைத்து விரித்துக் காட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

பார்வை நூல் பிரிவைக் கவனிப்பவள் தன் பிரிவைத் தேடினாள். ஊரின் நிலத்தடிக் குழாய் வரைபடங்கள், பன்னிரண்டு தொகுதிகள். பன்னிரண்டும் புள்ளிகள்.

வெளியே கொண்டுபோகக் கூடாதென்று அவற்றில் முத்திரை குத்தியது அவள்தான். வேறு பிரதி கிடையாது. பிளம்பர்கள் ஈரச் செருப்போடு வந்து மேசையிலேயே விரித்துப் பார்த்துவிட்டுப் போவார்கள். பக்க ஓரங்கள் விரல் பட்டுக் கறுத்திருந்தன. அது எந்தப் பதிவிலும் ஏறாது.

திரையை வடிவமைத்தவன் ஆறு மாதம் முன்பு அவளிடம்தான் கேட்டான்.

"எதை வெச்சு வட்டத்தைப் பெருசு பண்றதுக்கா?"

அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "எத்தனை தடவை வெளிய போச்சுன்னு இருக்குல்ல, அதை வெச்சுப் பண்ணு."

இப்போது அலமாரிகளில் இடம் போதவில்லை. புள்ளியாக இருந்த புத்தகங்களைக் கழித்துப் பழைய பேப்பருக்குப் போட நூலகக் குழு முடிவு செய்தது.

"ஒரு தடவைகூட யாரும் எடுக்கலையேம்மா" என்றார் தலைமை நூலகர்.

"நாம எடுக்க விடலையே சார்."

"கையெழுத்து போட்டாச்சு. நான் என்ன பண்ணட்டும்?"

வரைபடங்களைத் தன் அட்டையிலேயே இரவல் எடுக்கப் பார்த்தாள். 'இரவலுக்கு அல்ல' என்றது கணினி. வடிவமைத்தவனுக்குப் போன் செய்தாள்.

"மாத்திடலாம்க்கா. குழுகிட்டேருந்து ஒரு லெட்டர் மட்டும் வாங்கிக் குடுங்க."

குழு அடுத்த மாதம்தான் கூடும். லாரி வியாழக்கிழமையே வந்தது.

பாதி ஏற்றியிருந்தபோது ஒரு பிளம்பர் உள்ளே வந்தார். "என்னக்கா, வீடு மாத்தறீங்களா?"

சொன்னாள். அவர் சிரிப்பு நின்றது. தள்ளுவண்டியிலிருந்து ஏழாம் தொகுதியை இழுத்து மேசையில் போட்டார். போனில் படம் எடுத்துப் பார்த்தார்; மங்கிய நீலக் கோடுகள் விழவில்லை. அவள் மேலே வைத்துப் படியெடுக்க மெல்லிய தாள் எடுத்து வந்தாள்.

"எந்தத் தெரு வேணும்?"

"எது உடையும்னு எனக்கென்னக்கா தெரியும்?"

விரித்த பக்கத்திலேயே தொடங்கினார். அவள் தாளின் நுனிகளை அழுத்திப் பிடித்தாள். சுமை தூக்குபவர் தள்ளுவண்டியில் சாய்ந்து நின்றார்.

"இன்னும் எவ்ளோ நேரம்?"

பென்சில் ஒரு தெருவைக் கடந்து, வலப்பக்கம் திரும்பி, தாளின் ஓரத்துக்கு வந்தது. குழாயின் மீதி எட்டாம் தொகுதியில் இருந்தது. அது லாரியில் ஏறிவிட்டது. அவர் பென்சிலை எடுக்காமல் அங்கேயே வைத்திருந்தார்.