ராஜம்மாளின் ரிப்போர்ட்

மணிவேல் அந்த ரிப்போர்ட்டை பிளாஸ்டிக் கவரிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்து, மடங்கியிருந்த ஓரத்தை உள்ளங்கையால் நீவிவிட்டான்.

"எங்கம்மாவோடது வக்கீலம்மா. இதையும் கேஸ்ல சேத்துடுங்க. கிட்னி நல்லா கீதுன்னு போட்டிருக்கான் பாருங்க. இத நம்பி மூணு மாசம் சும்மா இருந்துட்டோம். வேலூருக்கு இட்டுனு போனா, ரெண்டும் போச்சுன்ட்டாங்க."

அருணாதேவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். ராஜம்மாள், வயது அறுபத்தொன்று, கீழ்பென்னாத்தூர். எண்களுக்குக் கீழே சோதித்தவரின் கையெழுத்து. ஒரு சுழி, அதிலிருந்து வலப்பக்கம் இழுத்துவிட்ட கோடு, கோட்டுக்கு அடியில் இரண்டு புள்ளிகள். மணிவேல் எண்களைத்தான் பார்த்திருக்கிறான். ஆஸ்பத்திரிக் காகிதத்தில் கையெழுத்தை யார் பார்க்கிறார்கள்? அருணாதேவிக்கு அந்த இரண்டு புள்ளிகளைத் தெரியும். பதினோரு மாதத்துக்கு முன் அதே மேசையில் வக்காலத்தில் வாங்கியது. மணிவேலின் மனைவி வினோதினியின் கையெழுத்து.

"வெச்சிட்டுப் போங்க, பாத்துக்கறேன்" என்றாள். குரல் மாறவில்லை. இருபத்திரண்டு வருடத் தொழில் அதற்காவது உதவியது.

வினோதினி ஒரு தனியார் லேபில் ஐந்து வருடம் டெக்னீஷியனாக இருந்தவள். அங்கே ரத்தம் சோதிக்கும் மெஷின் ஏழு மாதம் பழுதாகிக் கிடந்தது. ரிப்போர்ட் மட்டும் ஒரு நாளும் நிற்கவில்லை. பழைய எண்களைப் பார்த்து, ஒன்றிரண்டு கூட்டிக் குறைத்துப் புதிதாக அடித்துக் கொடுத்தார்கள். மாமியார் இறந்த அடுத்த மாதம் வினோதினி கலெக்டர் ஆபீசுக்குப் புகார் எழுதினாள். வேலை போயிற்று. போலீஸ் விசாரித்து, ஆதாரம் போதாது என்று மூடியது. அருணாதேவிதான் கோர்ட்டில் தனிப்புகார் போட்டு, லேப் முதலாளியைக் கூண்டுக்கு இழுத்தாள். கூட வேலை பார்த்த மற்ற இரண்டு டெக்னீஷியன்களும்தான் கையெழுத்துப் போட்டார்கள், நான் மறுத்துவிட்டேன் என்று வினோதினி முதல் நாளே சொல்லியிருந்தாள்.

எல்லோரும் இப்படித்தான் ஏதாவது ஒன்றை மறைத்து வைத்துக்கொண்டு வருகிறார்கள். நூல் மில் சூப்பர்வைசர், கூட்டுறவு சங்க எழுத்தர், காலேஜ் அட்மிஷன் குமாஸ்தா என்று, தான் வேலை பார்த்த இடத்தின் திருட்டை வெளியே சொன்னவர்களே அருணாதேவியின் கட்சிக்காரர்கள். "மாட்டிக்கிட்டவன் எங்ககிட்ட வரான், மாட்டிவுட்டவன் உங்ககிட்ட வரான்" என்று பார் அசோசியேஷனில் கிண்டல் செய்வார்கள். திருட்டு நடந்ததை உள்ளே இருந்தவனால்தான் சொல்ல முடியும், உள்ளே இருந்தவன் கையில் கொஞ்சமாவது கறை இருக்கும் என்பதை அவள் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டாள். அந்தச் சங்க எழுத்தரை எதிர்த்தரப்பு வக்கீல் அரை மணி நேரத்தில் உரித்துத் தொங்கப்போட்டார். நல்ல மனுஷன், அதற்கப்புறம் ஊரில் தலைகாட்டவே இல்லை. அன்றிலிருந்து அருணாதேவிக்கு ஒரு வழக்கம். சாட்சியிடம் கேட்கக்கூடாத கேள்வி எதுவோ, அதை முதலில் அவளே கேட்டுவிடுவாள்.

மறுநாள் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காக பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். வினோதினி வெயிலில் நடந்து வந்து உட்கார்ந்தாள். அருணாதேவி தண்ணீர் கொடுத்துவிட்டு ரிப்போர்ட்டை அவள் பக்கம் திருப்பி வைத்தாள்.

வினோதினி தண்ணீரைக் குடிக்கவில்லை.

"அன்னிக்கு அம்பத்திமூணு சாம்பிள் மேடம். அத்தை பேரப் பாத்தேன். போன தடவ நல்லாத்தான இருந்துச்சுன்னு அதையே போட்டுட்டேன். அத்தை ரத்தத்த மட்டுமாவது வேற லேப்புக்கு எடுத்துனு போயிருக்கலாம்ல? ஆட்டோல பத்து நிமிஷம். தோணவே இல்ல மேடம்."

"வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"எங்கம்மாவுக்காக எம்பொண்டாட்டி கோர்ட்டு ஏறியிருக்கான்னு ஊரெல்லாம் சொல்லினு கீறாரு."

அருணாதேவி சொல்ல வேண்டியதைச் சொன்னாள். "அவங்க கம்ப்யூட்டர்ல இதோட காப்பி இருக்கும். குறுக்கு விசாரணைல இதத்தான் மொதல்ல நீட்டுவாங்க. அப்புறம் நீ சொல்ற எதையும் யாரும் நம்ப மாட்டாங்க. அதனால நானே கேட்டுடறேன். உன்னையும் குத்தவாளின்னு இழுப்பாங்க, அதுக்கும் தயாரா இரு."

"ஜெயிலுக்கு பயமில்ல மேடம். அவரு மூஞ்சியத்தான்..."

"இன்னிக்கே வீட்ல சொல்லிடு. கோர்ட்டுல வெச்சு அவரு தெரிஞ்சுக்கக் கூடாது."

வினோதினி தலையாட்டினாள். அந்த மாதிரித் தலையாட்டலை அருணாதேவி நிறையப் பார்த்திருக்கிறாள்.

விசாரணை நாளில் மணிவேல் சலவைச் சட்டை போட்டு வந்திருந்தான். கோர்ட்டு வாசலில் ஓடிப்போய் மூன்று டீ வாங்கிவந்தான். "அந்த ரிப்போர்ட்ட சேத்துட்டீங்களா வக்கீலம்மா?" என்று அவன் கேட்டபோதே அருணாதேவிக்குத் தெரிந்துவிட்டது. அவன் கிளாஸைத் திருப்பிக் கொடுக்கப் போனதும் வினோதினி கிட்டே வந்தாள்.

"மூணு தடவ சொல்ல வாயெடுத்தேன். வரல."

"அவர ஜெராக்ஸ் எடுக்க அனுப்பிடட்டுமா? கடைல கூட்டம், வர அரை மணி ஆகும்."

வினோதினி மணிவேல் போன பக்கம் பார்த்தாள். "வேணாம் மேடம். இருக்கட்டும். வீட்ல என்னால சொல்ல முடியாது. நீங்க கேளுங்க."

கூண்டில் ஏறி பெயர், வயது, வேலை பார்த்த விவரமெல்லாம் சொன்னாள். மெஷின் பழுதான தேதியைத் தடுமாறாமல் சொன்னாள். அருணாதேவி ராஜம்மாளின் ரிப்போர்ட்டைக் கையில் எடுத்தாள். பின்பெஞ்சில் மணிவேல் பக்கத்து ஆளை முழங்கையால் இடித்து, "எங்கம்மாவுது" என்று கிசுகிசுத்தான். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, தன் சாட்சி ஒரு பொய் சொல்லிவிட மாட்டாளா என்று அருணாதேவிக்கு ஆசையாக இருந்தது. ஆசைப்பட்டதற்காக வெட்கமாகவும் இருந்தது.

"இதுல இருக்கற கையெழுத்து யாரோடது?"

வினோதினி நான்கைந்து வார்த்தைகள் சொன்னாள். மின்விசிறிச் சத்தத்தில் அது முன்வரிசையைத் தாண்டவில்லை. மணிவேல் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு முன்னால் சாய்ந்தான். முகத்தில் இன்னும் சிரிப்பு இருந்தது.

நடுவர் ஒருமுறை வினோதினியை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு வழக்கம்போலத் தட்டச்சர் பக்கம் திரும்பி, சாட்சியின் பதிலை எழுத்துத் தமிழாக்கி, எல்லோருக்கும் கேட்கும் குரலில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"ராஜம்மாள் என் மாமியார். அவருடைய ரத்தத்தைச் சோதிக்காமலே, அந்த அறிக்கையில், கையொப்பமிட்டது, நான்."

தட்டச்சுச் சத்தம் ஓய்ந்தது. பின்பெஞ்ச் கிறீச்சிட்டது. டவாலி கையைக் கீழே காட்டி யாரையோ உட்காரச் சொன்னார், இன்னொரு முறையும் காட்டினார். வினோதினி நடுவரைப் பார்க்காமல் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேல கேளுங்க" என்றார் நடுவர்.

அருணாதேவி திரும்பிப் பார்த்தாள். மணிவேல் எழுந்து நின்றுகொண்டிருந்தான். காதுக்குப் பின்னால் வைத்த கையை அவன் இன்னும் எடுக்கவில்லை.