ஏழாவது திரளில் ஒரு வட்டம்

எங்கள் ராசிபுரம் வீட்டில் தறித்துணியில் குறை தெரிந்தால் நூலைப் பார்க்க மாட்டார்கள். அந்த ஷிப்டில் தறியைத் தொட்டது யார் என்றுதான் கேட்பார்கள். ஆராய்ச்சிக்கு வந்தும் எனக்கு அந்தப் புத்தி போகவில்லை.

நானும் ஜீவானந்தமும் சேலத்தில் ஒரே வழிகாட்டியிடம் வேலை செய்கிறோம். அருகிலிருக்கும் குட்டி விண்மீன் திரள்களில் புது விண்மீன்கள் எவ்வளவு வேகமாகப் பிறக்கின்றன என்று தொலைநோக்கிப் படங்களிலிருந்து அளக்க வேண்டும். புதிதாகப் பிறந்த பெரிய விண்மீன், சுற்றியுள்ள ஹைட்ரஜனைச் சிவப்பாக ஒளிர வைக்கும். அந்தச் சிவப்பு என் பங்கு. புறஊதா ஒளி அவன் பங்கு. இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். பன்னிரண்டு திரள்களில் பதினொன்றில் ஒத்துப்போனது. ஏழாவதில் மட்டும் விண்மீன் பிறப்பு உண்டு என்றான் அவன், எனக்குப் பூஜ்யம். பிறப்பே நின்றுபோன திரள் என்று காட்டும் அந்தப் பூஜ்யத்தின் மேல்தான் என் ஆய்வேடே நின்றது. அது போனால் மூன்று வருட உழைப்பும் போச்சு.

ஒரு வாரமாகவே அவன் போக்கு சரியில்லை. நான் வந்தால் திரையை மூடினான். கேட்காமலே டீ வாங்கி வந்தான். எதற்கு இந்தக் கரிசனம்? ஒருநாள் என் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தான்.

"பிரிண்டர் உங்க கம்ப்யூட்டர்லதானுங்கக்கா இருக்குது" என்றான். நல்ல சாக்கு.

இன்று காலை பொறுக்க முடியவில்லை. ஜீவானந்தம் எண்ணைத் திருத்தியிருக்கிறான் என்று வழிகாட்டிக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். அதற்குப் பிறகுதான் ஆதாரம் தேட உட்கார்ந்தேன்.

அளப்பதற்கு முன், குறுக்கே நிற்கும் நம் பால்வீதி விண்மீன்களை வட்டம் போட்டு மறைப்பது வழக்கம். ஏழாவது படத்தில் ஒன்பது வட்டங்கள். ஓரத்து வட்டத்தை நீக்கினேன். பளிச்சென்று ஒரு புள்ளி, என் படங்களில் அந்தச் சிவப்பில் மட்டும். நம் பால்வீதி விண்மீனாக இருந்தால் மற்ற நிறங்களிலும் அப்படியே தெரியும். அந்தத் திரளில் விண்மீன்கள் பிறக்கும் ஒரே இடத்தை யாரோ மறைத்திருக்கிறார்கள். போட்டவர் பெயரும் தேதியும் கோப்பிலேயே இருந்தன: தனப்பிரியா, நானேதான். தேதி, மாரியம்மன் பண்டிகைக்கு பஸ் பிடிக்க நான் அவசரமாக ஓடிய நாள். சீ, என்ன மடத்தனம்.

பின்னால் ஜீவானந்தம் டீயோடு நின்றான். திரையைப் பார்த்தவன் முகம் மலர்ந்தது.

"கண்டுபுடிச்சுட்டீங்களாக்கா? ஒரு வாரமா அதைத்தானுங்க பார்த்துட்டிருந்தேன். சொன்னா கோவிச்சுக்குவீங்கன்னு நீங்களே பார்க்கட்டும்னு உட்டுட்டேன்."

டீயை என் மேசையில் வைத்தான்.

"சார் என்னை அவசரமா வரச் சொல்றாருங்க. எதுக்குன்னு தெரியுங்களா?"

"தெரியும்" என்றேன். "நீ இங்கயே இரு, ஜீவா. மொதல்ல நான் போய்ப் பேசிட்டு வாரேன்."