அடியைத் தொடாத கணக்கு

மனைவியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் டைட்டஸுக்கு வாய் ஓயாது. பின்னே என்ன, சும்மாவா? பியாட்ரிஸ் ராபர்ட்சன்பேட்டை கல்லூரியில் கணிதப் பேராசிரியை. பகலெல்லாம் வகுப்பு, மிச்ச நேரமெல்லாம் ஆப்டிமைசேஷன், அதாவது ஒரு வேலையை ஆகக் குறைந்த செலவில் முடிக்கும் வழியைத் தேடும் ஆராய்ச்சி. அதில் அவள் நிறுவிய தேற்றத்தை வெளிநாட்டுக்காரர்கள்கூடப் பயன்படுத்துகிறார்கள். அதற்காகத்தான் சனிக்கிழமை கல்லூரியில் பாராட்டு விழா. டைட்டஸ் புதுச் சட்டையே தைத்துவிட்டான்.

வியாழக்கிழமை சாயங்காலம், ஆய்விதழ் ஒன்று சரிபார்க்கச் சொல்லி அனுப்பியிருந்த யாருடைய கட்டுரையையோ படித்துக்கொண்டிருந்தவள், சட்டென்று எழுந்து தன் பழைய கட்டுரையை எடுத்துப் புரட்டினாள். முகம் செத்துப்போயிற்று.

“இவரு பண்ண அதே தப்பத்தாங்க நானும் பண்ணிக்கீறேன்.”

“இன்னா தப்பு?”

“செலவு கொறஞ்சிக்கினே போவுது, ஒரு எடத்துல வந்து நின்னுடும்னு எடுத்துக்கினேன். சில கணக்குல நிக்கவே நிக்காது. எறங்கிக்கினே இருக்கும், அடியத் தொடாது. கேஜிஎஃப்ல பொறந்தவ இல்ல? தங்கச் சொரங்கத்துல எறங்கற ஷாஃப்ட்டுன்னா கடைசி லெவல்னு ஒண்ணு இருந்தே தீரும்னு நெனச்சிட்டேன்.”

டைட்டஸ் அந்தப் பழைய கட்டுரையை வாங்கி மூடினான். “இத்தினி வருசமா ஒருத்தர் கண்ணுலயும் படல இல்ல? சனிக்கிழம போவட்டும்மா. அப்புறமா மெதுவா சொல்லிக்கலாம். ஊரே சிரிக்கும்.”

“அத நம்பி எத்தினி பேரு மேல மேல எழுதிக்கினு கீறாங்க, தெரியுமா?”

வெள்ளிக்கிழமை முழுக்க இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சனிக்கிழமை அரங்கில் நிற்க இடமில்லை. கல்லூரி முதல்வர் நாகேஷ் பொன்னாடையை விரித்துக்கொண்டு வந்தார். அவள் விடுவாளா? அதற்குள் மைக்கைப் பிடித்துவிட்டாள்.

“நீங்க பாராட்ட வந்த தேற்றத்துல தப்பு இருக்குது. தப்பு என்னுது. எங்கன்னு காட்டறேன்.”

டைட்டஸ் தலையைக் குனிந்துகொண்டான். அவள்மேல் அப்படியொரு கோபம் வந்தது.

பலகையில் சாக்பீஸ் ஓடியது. சின்னஞ்சிறு உதாரணம் ஒன்று. தேற்றம் அங்கேயே படுத்துவிட்டது. “இப்ப சொல்லுங்க, எந்தக் கணக்குக்கெல்லாம் இது இன்னும் செல்லும்?” என்று அவள் திரும்பினாள். பெங்களூரிலிருந்து வந்திருந்த பேராசிரியை நளினி எழுந்து, “ஒரு நிபந்தனை சேர்த்துப் பார்க்கலாமா, மேடம்?” என்றார். பின்வரிசையில் ஒருவர் அது போதாது என்றார். இன்னொருவர் போதும் என்று மேடையேறியே விட்டார். “அட, ஆமா இல்ல!” என்று பியாட்ரிஸ் வாய்விட்டுச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைக் கேட்டு டைட்டஸ் நிமிர்ந்தான். முந்தானையெல்லாம் சாக்பீஸ் தூளோடு அவள் பலகையை அழித்துக்கொண்டிருந்தாள். இவளையா ஒளித்துவைக்கப் பார்த்தோம் என்று நினைத்துக்கொண்டான்.

நாகேஷ் பொன்னாடையும் கையுமாக இறங்கி வந்தார். “இன்னா சார் பண்றது? இப்ப போத்தலாமா, வேணாமா?”

“கொஞ்சம் இருங்க சார்,” என்றான் டைட்டஸ். “அவங்க வேலையா கீறாங்க.”