உடம்பு ஒத்துவரவில்லை

...இதற்குள் மூச்சு வாங்குகிறதாம், இன்னும் பாலத்தையே தாண்டவில்லை, நாயைப் பிடித்துக்கொண்டு போகிற கிழவிகள்கூட முந்திப் போகிறார்கள், இவன் இடுப்பில் கை வைத்து நிற்பான், நிற்கட்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது, பார்த்தால் அந்த முகத்தைக் காட்டுவான், என்று நினைத்துக்கொண்டே நெல்சி திரும்பிப் பார்த்தாள். வில்மார் அந்த முகத்தைத்தான் காட்டிக்கொண்டு நின்றான். அடிபட்ட பசு மாதிரி ஒரு முகம். இருபது வருஷமாக போகோட்டாவில் பேருந்து ஓட்டுகிறவன், நடுரோட்டில் எவனாவது குறுக்கே வந்தால் கண்ணாடியை இறக்கி அவன் வம்சத்தையே இழுப்பவன், வேர்வை வழியும் இந்த இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் வாயில்லாப் பிராணி ஆகிவிடுவான். வாரத்தில் இந்த ஒரு காலைதான் வாய்க்கிறது, வண்டிகளை நிறுத்திவிட்டுச் சாலையை நடக்கிறவர்களுக்கும் ஓடுகிறவர்களுக்கும் திறந்துவிடுகிற இந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை, மற்ற நாளெல்லாம் அவன் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தே கிடக்கிறான், அவள் செருப்புப் பட்டறையில் அடித்தோலுக்குப் பசை தடவிக்கொண்டிருக்கிறாள், பசை வாடை தலைக்குள் ஏறி ராத்திரி கனவிலும் வருகிறது, இந்த இரண்டு மணி நேரத்தை அவள் எங்கிருந்து பிய்த்து எடுத்து வைத்திருக்கிறாள் என்று இவனுக்குத் தெரியுமா, துவைக்காத துணி மூலையில் மலை மாதிரி கிடக்கிறதே, அது இவன் கண்ணில் படுமா... "வாங்க, நின்னா உடம்பு ஆறிடும்," என்றாள். அவன் ஊர்ப் பக்கத்தில் கட்டினவளையும் நீங்க என்றுதான் சொல்வார்கள், அவளுக்கும் அது ஒட்டிக்கொண்டது, திட்டும்போதுகூட மரியாதையாகத்தான் திட்ட வேண்டியிருக்கிறது.

திட்டாமல் என்ன செய்வது? ஊர் எழுவதற்கு முன்னால் எழுந்து இரண்டு அடுப்பில் இரண்டு சமையல், ஒன்று மகள் சலோமேக்கு, ஒன்று இவனுக்கு. பெண்ணுக்கு உப்பு கூடாது, பழம் பார்த்துத்தான், உருளைக்கிழங்கை முந்தின நாளே நறுக்கி ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி ஊறப்போட்டு, அதன் உயிரையெல்லாம் கழுவி எடுத்த பிறகுதான் வேகவைக்க வேண்டும், மூன்று வகைக் கிழங்கு போட்டுச் சூப்பு குடித்து வளர்ந்த வீட்டில் இப்போது வெந்த காகிதம் மாதிரி ஒரு கிழங்கு. இவனுக்கு அந்தக் கிழங்கும் இல்லை, அரிசி ஒரு கரண்டி, உப்பும் பொரித்ததும் கூடாது, தோல் நீக்கிய கோழி, முட்டைக்கோஸ், முட்டைக்கோஸ், முட்டைக்கோஸ். அவளும் அதையே தின்கிறாள், தனக்கு என்று மூன்றாவது சட்டி வைக்க நேரம் ஏது, அவள் எலும்பெல்லாம் தெரிய இளைத்துப்போனாள், பாவாடை இடுப்பில் நிற்பதில்லை. இவன் மட்டும் இளைக்கவில்லை. ஆஸ்பத்திரித் தராசில் ஏறும்போதெல்லாம் முள் கொஞ்சம் மேலேதான் போகிறது, ரத்த அழுத்தமும் கூடவே ஏறுகிறது, டாக்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறார். "உன் புருஷன் காத்தக் குடிச்சே பெருக்கறாண்டி," என்று அக்கா சிரித்தாள். அக்காவுக்குச் சிரிப்பு வருகிறது. அவள் பெண் வாரம் மூன்று நாள் ரத்தம் சுத்தம் பண்ணுகிற மிஷினோடு படுத்துக் கிடக்கவில்லை.

கொடுத்துவிட்டால் முடிந்தது. சிறுநீரகம் இரண்டில் ஒன்று. ஒன்றை வைத்துக்கொண்டு எத்தனை பேர் நன்றாக இருக்கிறார்கள் என்று டாக்டரே சொன்னார், ரத்தமும் ஒத்துப்போகிறது, எடையும் அழுத்தமும் இறங்கினால் போதும், வேறு ஒன்றும் வேண்டாம். யாரோ முகம் தெரியாதவர் சாவதற்குக் காத்திருக்கிற வரிசையில் சலோமேயின் பெயர் எங்கேயோ கிடக்கிறது, அந்த வரிசை நகர்வதே இல்லை. நெல்சியுடையதை எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் முதலில் பேச்சு, அவள்தான் முதலில் போய் நின்றாள், எல்லாச் சோதனையும் முடிந்த பிறகு வேண்டாம் என்றுவிட்டார்கள், உங்களுக்கு ரத்தக்குழாய் ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஓடுகிறது, எடுத்து வைப்பது சிக்கல், உடம்பு ஒத்துவரவில்லை. அன்று ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்து அவள் அழுத அழுகைக்குக் கூட்டுகிறவள் வந்து தண்ணீர் கொடுத்தாள். தன்னால் முடியாமல் போனதை இவனிடமிருந்து வாங்கியாவது கொடுத்துவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள், அன்றிலிருந்து இந்த ஆளின் வயிறு அவளுடைய வயிறு, இவன் முழங்கால் அவளுடைய முழங்கால், சோப்புப் போட்டுக் கழுவாத குறைதான். போன வாரம் சலோமேக்கு ஊட்டிக்கொண்டிருந்தபோது, பதின்மூன்று வயதாகியும் மிஷின் நாட்களில் ஊட்டத்தான் வேண்டியிருக்கிறது, அது திடீரென்று சொன்னது, "அப்பாவ ஓட வைக்காதம்மா. அவரு ஓடறதப் பாத்தா எனக்கு ஒரு மாதிரியா இருக்கு." ஏன்டி என்று கேட்டதற்குச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டது. அப்பன் மேல் அத்தனை பாசம். பாசம் எல்லாம் அங்கே, பாத்திரம் எல்லாம் இங்கே.

பூங்கா வந்ததும் முழங்கால் என்றான், தெரிந்ததுதான், ஒவ்வொரு வாரமும் இதே மரத்தடியில்தான் அந்த முழங்காலுக்கு வலி வரும். "நீங்க போய் ஆடுங்க, நான் மெதுவா ஒரு சுத்து சுத்திட்டு வர்றேன்." மேடையில் ஒரு பையன் பளபளக்கிற சட்டையோடு கையைத் தூக்கச் சொல்லிக்கொண்டிருந்தான், கீழே நூறு பெண்கள் தூக்கிக்கொண்டிருந்தார்கள், நெல்சியும் தூக்கினாள், இடது, வலது, குனி, நிமிர், யாருக்காக ஆடுகிறேன், எனக்கு எதற்கு இது, என் உடம்பை யார் கேட்டார்கள், நல்ல உடம்பாக வைத்திருந்து என்ன பண்ண, பூட்டின வீட்டுக்கு வெள்ளையடிக்கிற மாதிரி... தூறல் போட்டது. மலையிலிருந்து இறங்குகிற ஊசிக் குளிர்த் தூறல். அவனுடைய மேல்சட்டை அவள் இடுப்பில் கட்டியிருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது, வேர்த்த உடம்போடு நனைந்தால் சளி பிடிக்கும், சளி பிடித்தால் வியாழக்கிழமைச் சோதனை தள்ளிப்போகும், அய்யோ அது தள்ளிப்போகக் கூடாது என்று ஓடினாள். நடைபாதையில் அவன் இல்லை. குளத்துப் பக்கம் இல்லை. பின்வாசலில், தார்ப்பாய் கட்டிய கடையில், முழுப் பன்றிக்குள் அரிசியும் பட்டாணியும் அடைத்துச் சுட்டு வைத்திருந்த பலகைக்கு எதிரே, பிளாஸ்டிக் முக்காலியில், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அகப்பட்டான் என்றுதான் முதலில் தோன்றியது, சந்தோஷம் மாதிரிகூட ஏதோ ஒன்று, இத்தனை மாசத்து முட்டைக்கோஸும் எங்கே போயிற்று என்று தெரிந்துவிட்டதே. பக்கவாட்டில் போய் நின்று பார்த்தாள். ஆசையாகத் தின்கிறவன் அப்படித் தின்னமாட்டான். பன்றித் தோல் அவனுக்கு ஆகாது, கல்யாண வீட்டில்கூட ஒதுக்கி அவள் தட்டில் போட்டுவிடுவான், அந்த வாடையே குமட்டுகிறது என்பான், இப்போது அந்தத் தோலைத்தான் எடுத்து, உப்பைத் தூவி, வாயில் வைத்து, கண்ணை மூடி மென்று, விளக்கெண்ணெய் குடிக்கிற குழந்தை மாதிரி தோளைக் குலுக்கி விழுங்கினான். மறுபடி ஒன்று. மறுபடி உப்பு.

"உங்க ஆளாம்மா?" என்றாள் கடைக்காரி, கத்தியைத் துடைத்துக்கொண்டே. "வாராவாரம் ரெண்டு தட்டு. ஆனா ஒரு நாளாவது சிரிச்ச முகமா சாப்பிட்டுப் பாத்ததில்ல. என் கைப்பக்குவம் அவ்வளவு மோசமான்னு நானே கேட்டுட்டேன். உக்காருங்க, நனையாதீங்க."

வில்மார் நிமிர்ந்தான். எழுந்திருக்கவில்லை, தட்டை மறைக்கவில்லை, உதட்டில் கொழுப்பு பளபளத்தது. நெல்சி எதிரே உட்கார்ந்தாள்.

"பிடிக்காதுன்னு சொல்வீங்க."

"பிடிக்கல."

"அப்புறம்?"

அவன் தட்டைப் பார்த்தான். "என்னால முடியல நெல்சி. மயக்க ஊசி போட்டா நான் எந்திரிக்கமாட்டேன்னு தோணுது. அத நெனச்சே நாலு நாள் பஸ்ஸ ஓரமா நிறுத்திட்டு உக்காந்துட்டேன், சனங்க உள்ள கத்தறாங்க."

"அதச் சொல்றதுக்கு வாய் இல்லையா?"

"யார்கிட்ட சொல்ல? உங்ககிட்டயா?"

அடித்திருக்கலாம். தட்டை எடுத்து அவன் மூஞ்சியில் அப்பியிருக்கலாம், கை எழும்பக்கூடச் செய்தது, பெற்ற பெண் அங்கே ஊசி குத்திக் குத்திக் கை நரம்பெல்லாம் கயிறு மாதிரி புடைத்துக் கிடக்கிறாள், இவன் இங்கே உட்கார்ந்து தன்னைத் தானே கெடுத்துக்கொள்ளத் தீனி போடுகிறான், கோழை, பெரிய உடம்பில் இத்தனூண்டு மனசு, நானாக இருந்தால் அன்றைக்கே கத்தியை வாங்கி நானே அறுத்துக் கொடுத்திருப்பேன்... வில்மார் இன்னும் பேசிக்கொண்டிருந்தான், யாரிடமோ சொல்வது போல, மெதுவாக. "அங்கயே சொல்லியிருக்கலாம். அந்த மனநல டாக்டரம்மா கதவச் சாத்திட்டு அதத்தான் கேட்டாங்க. உங்களுக்கு இஷ்டமில்லன்னா இப்பவே சொல்லுங்க, வீட்டுக்குத் தெரியவே தெரியாது, உடம்பு ஒத்துவரலன்னு நாங்களே சொல்லிடுவோம், ஏதாவது ஒரு காரணம் நாங்க பாத்துக்கறோம், யாரும் உங்கள ஒண்ணும் சொல்லமாட்டாங்கன்னு. எனக்கு நாக்கு எழும்பல. தர்றேன்னுட்டு வந்துட்டேன். வேண்டாம்னு உடம்பே சொல்லிட்டா நல்லாருக்கும்னு..." உதட்டைத் துடைத்துக்கொண்டான். "எல்லார்கிட்டயும் கேப்பாங்களாம். உங்ககிட்டயும் கேட்டிருப்பாங்களே?"

குத்திக் கேட்கவில்லை அவன், அவன் கண்ணில் ஒன்றும் இல்லை, சும்மா கேட்டான், அதுதான் தாங்கவில்லை. "இல்ல, என்கிட்ட கேக்கல," என்றாள். கேட்கவில்லையா? ஜன்னல் இல்லாத அறை, வெளிர்ப்பச்சைச் சுவர், உங்களுக்குப் பயமா இருக்கா நெல்சி என்றுதான் அந்த அம்மாள் ஆரம்பித்தாள், அதற்கு இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள், வந்தது அழுகை, நிறுத்த முடியாத அழுகை, நான் செத்துப்போனால் அவளுக்கு யார் கிழங்கு ஊறவைப்பார்கள் என்று ஏதோ உளறினாள், அவளுக்காகத்தானே அழுதேன், என் பெண்ணுக்காகத்தானே, அந்த அம்மாள் குனிந்து கையைப் பிடித்துக்கொண்டு நிறைய நேரம் என்னவோ சொன்னாள், அழுகையில் ஒன்றும் காதில் விழவில்லை, எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள், கடைசியில் ஒன்று மட்டும் கேட்டது, போதும்மா, மிச்சத்த நாங்க பாத்துக்கறோம். பத்து நாள் கழித்துக் கூப்பிட்டார்கள். இரண்டு ரத்தக்குழாய். நிஜமாகவே இரண்டாக இருக்கலாம், படம் எடுத்தார்களே, குளிர்ந்த மிஷினுக்குள் படுக்கவைத்து மூச்சைப் பிடிக்கச் சொல்லி எடுத்தார்களே, எத்தனையோ பேருக்கு இரண்டு இருக்கும். அன்று நடையில் உட்கார்ந்து அழுதாளே, அது எந்த அழுகை?

"வியாழக்கிழமை நான் வர்றேன்," என்றான் வில்மார். "என்ன சொல்றாங்களோ சொல்லட்டும். இனிமே இங்க வரமாட்டேன்." அவள் தலையாட்டினாள். கடைக்காரி கேட்காமலே ஒரு தட்டைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்துவிட்டுப் போனாள், வேண்டாம் என்று சொல்ல வேண்டும், சொல்லவில்லை, கரண்டி கைக்கு வந்துவிட்டது, எத்தனை மாசத்துக்குப் பிறகு உப்பு, நாக்கு கூசியது, கண்ணில் நீர் வந்தது, அவனும் பார்த்துக்கொண்டிருக்கிறான், அக்காவிடம் சொன்னாளே, பட்டறையில் எல்லோரிடமும் சொன்னாளே, எனக்கு இரண்டு குழாய், என் தலையெழுத்து, இல்லையென்றால் நானே கொடுத்திருப்பேன் என்று, தூறல் தார்ப்பாயில் சத்தமாக விழ ஆரம்பித்தது, அந்தப் படம் ஆஸ்பத்திரியில்தான் இருக்கும், கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள், நாளைக்கே கேட்கலாம், வியாழக்கிழமை போகும்போது கேட்கலாம், கேட்க வேண்டும் என்று இத்தனை நாளில் ஒரு தடவைகூட அவளுக்குத் தோன்றவில்லை.