எட்டாம் நம்பர் பூட்ஸ்

விடிவதற்கு முன்பே அவள் தன் புருஷனின் காலைப் பிடித்து எட்டாம் நம்பர் பூட்ஸுக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். குதிகாலில் சோப்பு தடவியும் போகவில்லை. கணுக்காலில் விரல் பட்ட இடமெல்லாம் குழி விழுந்தது.

"மெதுவாடி. கால்டி அது, சாக்கு இல்ல," என்றான். மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தான். அவளும் சிரித்தாள். இருவரும் சேர்ந்து சிரித்தது அதுவே கடைசி.

கல்லை மாவாக அரைக்கும் ஆலை அது. அவன் மூட்டை தூக்குவான். அவள் மூட்டை வாய் தைப்பாள். முப்பது வருஷமாக அந்த வெள்ளைத் தூசி இமையிலும் சோற்றிலும் படிந்தது. நெஞ்சுக்குள் படிந்ததை யாரும் பார்க்கவில்லை.

வருஷத்துக்கு ஒருமுறை முதலாளி பூட்ஸ் கொடுப்பார். போன வருஷத்து நம்பர் காலுக்குப் பற்றவில்லை என்றால், நெஞ்சு கெட்டுக் காலுக்கு நீர் இறங்கிவிட்டது என்று மேஸ்திரிக்குத் தெரிந்துவிடும். அன்றோடு சீட்டு கிழியும். அதனால் வயதானவர்கள் யாரும் டாக்டரிடம் போவதில்லை. காலைத் துணியால் இறுக்கிக் கட்டினார்கள், தண்ணீர் குடிப்பதைக் குறைத்தார்கள். காலை மறைத்துவிட்டால் போதும், மூச்சு தானாகச் சரியாகும் என்று நம்பினார்கள். அவளும் நம்பித்தான் சோப்பு தடவினாள்.

அன்று மூன்றாவது மூட்டையோடு, லாரியில் சாய்த்திருந்த பலகையில் பாதி ஏறியவன் அப்படியே உட்கார்ந்தான். மூட்டை விழுந்து வெடித்த சத்தம் கேட்டு அவள் ஓடினாள். உதடு நீலம் பாரித்திருந்தது. சாக்குக் கத்தியால் பூட்ஸை அறுத்தெடுத்தார்கள். ஆஸ்பத்திரி வண்டி வரும்வரை அவன் தாங்கவில்லை.

பத்தாம் நாள் வேலைக்குக் கிளம்பும்போது, தன் முழங்காலுக்குக் கீழே அழுத்திப் பார்த்தாள். குழி விழுந்தது. பூட்ஸ் நாளுக்கு இன்னும் ஆறு நாள்தான். காட்டினால் பிழைப்பு போகும். மறைத்தால் அவன் போன வழிதான். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டியதால், சுவரில் சாய்ந்தே தூங்கப் பழகினாள்.

அதிலிருந்து நான்காம் நாள் பொறுக்க முடியாமல், பக்கத்தில் தைப்பவளிடம் சொன்னாள். வாய் ஓயாததால் அவளுக்கு 'வானொலி' என்று பெயர். வானொலி குனிந்து தன் காலுறையை இறக்கிக் காட்டினாள். இரண்டு காலும் தூண்போல் வீங்கியிருந்தன. அன்று சாயங்காலத்துக்குள் அந்த மாதிரிக் கால் வீங்கியவர்கள் பதினொரு பேர் என்று தெரிந்தது.

பூட்ஸ் நாள். மேஸ்திரி ஏழாம் நம்பர் ஜோடியை அவள் முன் வைத்தான். அவள் வெறுங்காலைத் தூக்கிப் பெஞ்சின் மேல் வைத்தாள்.

"ஏழு பத்தாது. ஒம்போது வேணும்."

முதலாளி எட்டிப் பார்த்தார். "அப்ப வீட்டுல இருந்து ஓய்வெடும்மா."

"எடுக்கறேங்க. வைத்தியமும் பாதிக் கூலியும் குடுங்க. வெளி டாக்டர் வந்து எல்லார் நெஞ்சையும் பாக்கணும்."

"இத்தன வருஷம் சோறு போட்டவன்கிட்ட பேசற பேச்சா இது?"

"சோறு நாங்க சம்பாதிச்சதுங்க. நீங்க போட்டது தூசி."

வானொலி முன்னால் வந்து தன் காலையும் வைத்தாள். "எனக்குப் பத்து, முதலாளி. சந்தேகம்னா அமுக்கிப் பாருங்க."

யாரோ சிரித்தார்கள். பிறகு மூட்டைக்காரர்கள் வந்தார்கள், அரவைக்காரர்கள் வந்தார்கள். வீக்கமே இல்லாத இளவட்டங்களும் பூட்ஸைக் கழற்றிப்போட்டுவிட்டு வரிசையில் நின்றார்கள். அரவை இயந்திரம் நின்றது.

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு முதலாளி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். யாரும் கலையவில்லை. அவளுக்குப் பயம் விட்டபாடில்லை, மூச்சு இரைத்தது. வானொலி அவளை முற்றத்தில் உட்காரவைத்து, முன்னால் குனிந்து மூச்சுவிடச் சொல்லி முதுகைத் தாங்கிக்கொண்டாள். மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்தார்கள்.

ஜன்னல் வழியே அலுவலகக் கடிகாரம் தெரிந்தது. தாமதம் என்று கூலி பிடிக்க முதலாளி வைத்தபடி, எப்போதும்போல ஏழு நிமிடம் முந்தியே ஓடிக்கொண்டிருந்தது; இன்று அதைப் பார்த்து யாரும் எழவில்லை.