பாய்மரத்தில் சிவப்புக் கீறல்

ரெய்னோ ஹாப்பலாவின் படகு கிடைத்தபோது அதன் பாய்மரம் கிடத்தி வைக்கப்பட்டிருந்தது. மற்றதையெல்லாம் எப்படியோ விளங்கிக்கொண்ட அவன் மனைவி கோரினுக்கு அது ஒன்றுதான் விளங்கவில்லை.

போன வருடம் அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, மூன்று மணிக்குள் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டு அவள் புருஷன் தனியாகப் படகை எடுத்துக்கொண்டு போனான். இரண்டு நாள் கழித்து, கடல்போல் பரந்த சுப்பீரியர் ஏரியில் கரையிலிருந்து நாலு மைல் தள்ளி படகு மட்டும் மிதந்துகொண்டிருந்தது. பாய்கள் மடிக்கப்பட்டிருந்தன. பாய்மரம் படகின் நீளத்துக்குப் படுத்து, மூன்று இடத்தில் கட்டப்பட்டிருந்தது. ஆள் இல்லை. மரத்தை இழுத்துப் பிடிக்கும் ஏதோ கம்பி தளர்ந்து, அது விழாமலிருக்க அவனே இறக்கியிருப்பான், அப்போது கால் வழுக்கியிருக்கும் என்று ஷெரிஃப் ஆபீஸில் சொன்னார்கள். அந்தக் குளிர்ந்த தண்ணீரில் விழுந்தவன் ஒரு மணி நேரம் தாங்க மாட்டான். உடல் மேலே வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. தேவாலயத்தில் பிரார்த்தனை நடந்தது, காபியும் ஏலக்காய் ரொட்டியும் கொடுத்தார்கள், முடிந்தது.

இந்த ஜூனில் கோரின் படகை வெளியே எடுத்துத் தண்ணீரில் இறக்கச் சொன்னாள். படகுத்துறை ஆட்கள் மரத்தைச் சுற்றியிருந்த தார்ப்பாயைப் பிரித்து, கிரேனால் தூக்கி நிறுத்திவிட்டுப் போனார்கள். அவளுக்குப் பாய் விரிக்கத் தெரியாது. பல் ஆஸ்பத்திரியில் வேலை முடிந்ததும் துறையில் கட்டியிருந்த படகில் போய் உட்கார்ந்திருப்பாள், அவ்வளவுதான்.

அக்டோபர் கடைசியில், ஏரி உறைவதற்குள் படகைக் கரையேற்ற வேண்டியிருந்தது. அதற்கு முதலில் பாய்மரத்தை இறக்க வேண்டும். ரெய்னோவின் அக்கா ஆர்டிஸ் விடுமுறையில் வந்திருந்தாள். இரும்புத்தாது ஏற்றும் கப்பலில் இருபது வருடமாகச் சமையல்காரி. தம்பி காணாமல் போனபோது அவள் வேறொரு ஏரியில் இருந்தாள்.

அன்று மதியம் மூடுபனி துறைவரை வந்து நின்றிருந்தது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை.

"ஸ்பேனரை வாயில கவ்விக்கிட்டு நிக்காதடி. பல்லு போயிடும்" என்றாள் ஆர்டிஸ்.

"போனா போகட்டும். நான் வேலை பாக்கற இடத்துலயே புதுசு கட்டிக்குவேன்."

"அப்ப சரி. இங்க வா. நான் முன்னாடி இருந்து கயிறை விடுவேன். நீ பின்னாடி நின்னு தோள் குடு. மரம் உன்மேல சாயும், பயப்படாத. மெதுவா பின்னாடி நடந்து போய் அந்தக் கவட்டைல வச்சிடு."

முன்கம்பியை மரத்தோடு பிடித்திருந்த ஆணியை ஆர்டிஸ் கழற்றினாள். மரம் ஒருமுறை முனகியது. அடியிலிருந்த கீலில் அது பின்பக்கமாகச் சாயத் தொடங்க, கயிறு சுற்றுச் சுற்றாக இளகியது. கோரின் இரண்டு கையாலும் ஏந்தித் தோளில் வாங்கிக்கொண்டாள். பாதி தூரம் வந்திருக்கும், மரம் நடுங்கியது. காற்று துளிக்கூட இல்லை. பக்கக் கம்பிகள் அடித்தொண்டையில் பாடுவதுபோல் ரீங்கரித்தன.

"ஆட்டாம பிடி" என்று ஆர்டிஸ் குரல் கொடுத்தாள்.

"நான் எங்க ஆட்டறேன்? சும்மாதான் நிக்கறேன்."

ரீங்காரம் தானாகவே அடங்கியது. பிறகு மரம் சாதுவாக இறங்கிப் பின்பக்கக் கவட்டையில் உட்கார்ந்தது.

"படகு கெடச்சப்ப மரம் இப்படித்தான் இருந்துச்சா?" என்று கேட்டாள் ஆர்டிஸ்.

"இல்ல. அடியையும் கழட்டி, முன்னாடி நகத்தி வச்சிருந்தான். மட்டமா படுத்திருந்துச்சு."

ஆர்டிஸ் நிமிர்ந்து பார்த்தாள். "அடியைக் கழட்டியிருந்தானா? தனியாளா, ஏரி நடுவுலயா?"

"ஏன், அதுல என்ன?"

"கம்பி அறுந்தா மரத்தைச் சாச்சு போட்டுட்டு மோட்டாரைப் போட்டு வீட்டுக்கு வருவாங்க. அடியைக் கழட்டறது ரோட்டுல கொண்டு போறப்ப. இல்லேன்னா…" மரத்தின் நுனிப்பக்கம் குனிந்து விரலால் தடவினாள். "இங்க பாரு."

மரம் நிற்கும்போது முப்பதடி உயரத்தில் இருக்கும் இடம் அது. இப்போது கண்முன்னால் கிடந்தது. அலுமினியத்தில் சிவப்புப் பெயிண்ட் நீளமாகத் தேய்ந்திருந்தது. நேராக ஒரு கீறல். அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு கோணலாக இன்னும் மூன்று.

அந்தச் சிவப்பை இருவருக்கும் தெரியும். ஓடை ஏரியில் சேரும் இடத்தில், ரயில் ஓடுவது நின்றுபோன பழைய பாலம் ஒன்று இருந்தது. அதன் இரும்பெல்லாம் அதே சிவப்பு.

"நேரா இருக்கறது உள்ள போனப்ப பட்டது" என்றாள் ஆர்டிஸ். "கோணலா இருக்கறது, படகு ஆளில்லாம ஓடைத் தண்ணியோட வெளிய வந்தப்ப பட்டது. பாலத்துக்கு அடியில போறதுக்குத்தான் மரத்தை இறக்கியிருக்கான், கோரின்."

"அந்தப் பக்கம் ஒண்ணுமே கெடையாதே. வெறும் சதுப்பு."

"யாராவது அங்க தேடினாங்களா?"

யாரும் தேடவில்லை. எல்லோரும் ஏரியைத்தான் தேடினார்கள்.

அடியாணியைக் கழற்றி, ஆளுக்கொரு முனையாகத் தூக்கி, மரத்தைப் படகின் முன்பக்கக் கைப்பிடிக் கம்பிமேல் நகர்த்திக் கட்டினார்கள். ஆர்டிஸ் மோட்டாரை இழுத்துவிட்டாள்.

கரையை ஒட்டி அரை மணி நேரம் போனதும் பனிக்குள்ளிருந்து பாலம் தலைக்குமேல் வந்தது. மரத்துக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு சாண்தான் இடைவெளி. இருவரும் குனிந்துகொண்டார்கள். அந்தப்பக்கம் ஓடை அகன்று, பட்டுப்போன மரங்கள் தண்ணீரில் வரிசையாக நின்றன. பறவைச் சத்தம் இல்லை. மோட்டார் சத்தம்கூட இரண்டடி தள்ளிப் பஞ்சில் புதைந்தது.

வளைவைத் தாண்டியதும் ஒரு குடிசை. வாத்து வேட்டைக்கு வருகிறவர்கள் எந்தக் காலத்திலோ பலகையில் அடித்தது. அதன் முன்னால் நட்டிருந்த கட்டையில் ஒரு துண்டுக் கயிறு தொங்கியது. ஆர்டிஸ் அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"அவன் முடிச்சு. எல்லாரும் ரெண்டு சுத்து போடுவாங்க. அவன் மூணு போடுவான்."

"பழசா இருக்கும்."

"கயிறு புதுசு."

கோரின்தான் முதலில் உள்ளே போனாள். எலும்பைப் பார்ப்போம் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டுதான் போனாள். எலும்பு இல்லை. ஒரு கட்டில், மடித்த கம்பளி, சின்ன இரும்பு அடுப்பு. அடுப்பின்மேல் கையை வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது.

அலமாரிப் பலகையில் நாலு ஜாம் பாட்டில்கள் இருந்தன. ஒன்று பாதி காலியாகி, அதில் ஸ்பூன் நின்றது. மூடிகளில் வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தது. தாளில் இருந்தது அவள் கையெழுத்து. காட்டு பெர்ரி, ஆகஸ்ட், இந்த வருடம்.

அவன் ஏரியில் மூழ்கிப் பத்து மாதம் கழித்து அவள் தன் அடுப்பில் காய்ச்சிய ஜாம் அது. தன் வீட்டு நிலவறையில் அடுக்கி வைத்தது. யாருக்கும் கொடுக்கவில்லை.

அவளுக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. உயிரோடு இருக்கிறான். ஒரு மூச்சு விடும் நேரம்கூட அது நிலைக்கவில்லை. அவள் ஆஸ்பத்திரி வேலையில் இருந்த ஏதோ ஒரு பகலில் அவன் சாவி போட்டுத் திறந்து உள்ளே வந்திருக்கிறான். படியிறங்கியிருக்கிறான். ஒருவேளை அவள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். ஒரு தடவைதானா, பல தடவையா? எந்தெந்த நாள்? முதுகில் ஈரத்துணி போட்டதுபோல் இருந்தது.

"ஆர்டிஸ், எங்களுக்குள்ள சண்டையே கெடையாது" என்றாள். "ஒரு நாள்கூட குரலை ஒசத்தினதில்ல."

"எனக்குத் தெரியும்."

"அப்புறம் ஏன்?"

ஆர்டிஸ் வாசலில் நின்று பனியைப் பார்த்துக் கூப்பிட்டாள். "ரெய்னோ… டேய், அக்காடா."

நாணலுக்குள் எங்கேயோ நடந்துகொண்டிருந்த எதுவோ நின்றது. அதுவரை அப்படி ஒரு சத்தம் இருந்ததே அது நின்றபிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

கோரின் நாலு பாட்டிலையும் மார்போடு அணைத்து எடுத்துக்கொண்டாள். "போலாம்."

"இருந்து பாப்போமே. அவன் என் தம்பி."

"வரணும்னா அவனுக்கு வீடு தெரியும். வந்துட்டுதான் போயிருக்கான். போலாம்."

திரும்பும்போது மோட்டார் தேவைப்படவில்லை, நீரோட்டமே இழுத்தது. பாலத்துக்கு இருபதடி முன்னால் மேலே கட்டை கிறீச்சிட்டது. பிறகு ஒரு காலடி. இன்னொன்று. யாரோ நிதானமாக, அவர்கள் வேகத்துக்குச் சரியாக, பாலத்தின் நடுவுக்கு வந்து நின்றார்கள். படகு அடியில் நுழைந்தது. தண்டவாளக் கட்டைகளின் சந்திலிருந்து துருத்தூள் மரத்தின்மேலும் கோரினின் மடிமேலும் உதிர்ந்தது. தலைக்குமேல் ஒரு கை தூரத்தில் ஒரு மூச்சு கேட்டது.

ஆர்டிஸ் வாயைத் திறந்தாள். கோரின் அவள் முழங்காலை இறுக்கிப் பிடித்தாள். இருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஏரிக்குள் வந்தபிறகு திரும்பினார்கள். பாலமே தெரியவில்லை.

மறுநாள் ஷெரிஃப் ஆட்கள் போய்ப் பார்த்தபோது குடிசை காலியாக இருந்தது. கட்டில் இருந்தது, கம்பளி இல்லை. எவனோ வேட்டைக்காரனாக இருக்கும் என்று எழுதிக்கொண்டார்கள். பாட்டில்களை நீட்டியபோது, ஜாம் யார் வேண்டுமானாலும் திருடலாமே என்றார்கள். ஆர்டிஸ் கப்பலுக்குத் திரும்பும்வரை தினமும் அந்தப் பாலம்வரை நடந்து போனாள். போகும்போது சாப்பாடு கொண்டுபோய் வைப்பாள். மறுநாள் அது அப்படியே இருக்கும்.

கோரின் அந்தப் பக்கம் போகவில்லை. படகை மரத்தோடு சேர்த்து வெளியூர்க்காரன் ஒருவனுக்குக் கொடுத்துவிட்டாள். அந்த வாரமே பூட்டு மாற்றுகிற ஆளை வரச் சொன்னாள். அவன் முன்கதவைக் கழற்றிக்கொண்டே கேட்டான்.

"திருட்டு ஏதாவது போயிடுச்சாம்மா?"

"இல்ல."

"சாவி தொலைஞ்சுபோச்சா?"

"தொலையல" என்றாள் கோரின். "இருக்கற எடம் தெரியும். நீங்க நிலவறைக் கதவையும் மாத்திடுங்க."