அலறும் பெட்டிக்கு ஒரு தொட்டி

1

இந்தக் கதையை நான் மீன் வாங்கப் போன இடத்தில் பிடித்தேன். ஜெகதாப்பட்டினத்தில் ஓர் ஐஸ் கம்பெனி. அதன் பின்னறையில், ஒடுக்கமான கண்ணாடித் தொட்டி ஒன்றில் புளிக்கரைசல் நிறத்தில் ஏதோ குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு பெண்.

"என்னம்மா இது?"

"போர்டு வேகுது சார். தொட்டுராதீங்க, கையில பட்டா கறை லேசுல போவாது" என்றாள் இலக்கியா.

அவ்வளவுதான், அங்கேயே நின்றுவிட்டேன். மீன் வாங்க மறந்துபோய் வீட்டில் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

2

முதல் தொடக்கம்: 'கடல் அன்று அமைதியாக...' அட, போதும். கடலை எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எனக்குத் தொட்டி வேண்டும்.

இரண்டாவது: 'டிப்ளமோ படித்த இலக்கியா, கணவன்மீது கொண்ட அன்பினால்...' இதைப் படித்தால் அவளே என்னை அடிக்க வருவாள்.

மூன்றாவது, நேராக: அவள் கணவன் அருண்குமார் விசைப்படகு டிரைவர். போன வருடம் கடல் எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு, சிறையில் கிடந்து திரும்பியவன். படகில் ஜிபிஎஸ் இருக்கத்தான் செய்தது. வலை இழுக்கிற மும்முரத்தில் அதை யார் பார்ப்பது? எனவே எல்லை நெருங்கினால் எஞ்சின் சத்தத்தையும் மீறி அலறும் ஒரு பெட்டியை இலக்கியா செய்கிறாள். நாளைக் காலையில் படகு கிளம்புகிறது. பெட்டிக்குள் சர்க்யூட் போர்டு வேண்டும். செம்புத் தகட்டில் கோடுகளை மட்டும் விட்டு, மிச்சச் செம்பை அரித்தெடுக்கத்தான் இந்தத் தொட்டி.*

(* கண்ணாடிக்கடையில் கழித்துப்போட்ட துண்டுகளை ஒட்டியது. குமிழுக்கு மீன்தொட்டி மோட்டார், சூட்டுக்கு மீன்தொட்டி ஹீட்டர். போர்டு தொங்குவது வலைக்கான நைலான் நரம்பில். கம்பியில் கட்டினால் கரைசல் கம்பியையும் தின்றுவிடுமாம். அறிவியலில் நான் எட்டாம் வகுப்போடு... சரி, விடுங்கள்.)

3

இங்கே எனக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டான். கிடைத்ததோ மதுரைவீரன்: இலக்கியாவின் கொழுந்தன், அதே ஐஸ் கம்பெனியில் வேலை, ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காதவன். அவள் சாப்பிடப் போயிருந்தாள். குமிழைப் பார்த்த இவன், கொதிக்கிறது என்று பயந்து ஹீட்டரை நிறுத்தி, தொட்டியைச் சுற்றிக் கூடை கூடையாக உடைத்த ஐஸைக் கொட்டிவிட்டான். அந்த ஊரில் எது கெடப்போகிறது என்றாலும் ஐஸ்தானே வைத்தியம்! கரைசல் குளிர்ந்தது. அரிப்பு பாதியில் நின்றது. அந்தச் சின்ன ஹீட்டர் அதை மறுபடி சூடேற்றுவதற்குள் விடிந்துவிடும்.

"ஏண்டா வீரா, ஒன் மூளையையும் ஐஸ்லதான் வச்சிருக்கியா?"

"கெட்டுப்போயிரும்னுதான் மதினி..."

"கெட்டுப்போக இது என்ன இறாலாடா? ஒங்கண்ணன் காலையில ஏறிருவாருடா!"

சொல்லிவிட்டு அழுதாள். (அருண்குமார் சிறையிலிருந்த மாதங்களைப் பற்றி ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். இந்த அழுகையே போதும்.)

ஐஸ் கம்பெனியின் பின்பக்கம் கம்ப்ரஸர் சூட்டில் தண்ணீர் வெதுவெதுப்பாகவே கொட்டும். அழுது முடித்ததும் இலக்கியாவுக்கு அது ஞாபகம் வந்தது. ஓர் அண்டாவில் அதைப் பிடித்து இருவரும் தொட்டியை உள்ளே இறக்கினார்கள். பொழுது சாய்வதற்குள் வேண்டாத செம்பெல்லாம் கரைந்து, கோடுகள் மட்டும் பளிச்சென்று நின்றன. எனக்குக் கைதட்டத் தோன்றியது. கெட்டிக்காரக் கதாசிரியன் இங்கேயே முற்றுப்புள்ளி வைத்திருப்பான். நான்தான் மறுநாள் துறைமுகம் வரைக்கும் போனேன்.

4

அருண்குமார் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"சுவிட்சு எங்கிட்டு இருக்கு?"

"வைக்கல."

"கத்துனா எப்புடி அமத்துறது?"

"படகைத் திருப்புங்க, தன்னால அமந்துரும்."

"இறாலு பூராம் அங்கிட்டுத்தான் கெடக்கு புள்ள."

"நாங்க இங்கிட்டுக் கெடக்கோம்."

அவன் பெட்டியோடு படகில் ஏறினான்.

5

முடிவு அ: பெட்டி அலறியது, அவன் திரும்பினான். முடிவு ஆ: வயரைப் பிடுங்கிவிட்டு... இல்லை, இதை என்னால் முடிக்க முடியவில்லை. முதலாவதை மட்டும் இலக்கியாவிடம் வாசித்துக் காட்டினேன்.

"ஈசியாத் திருப்பிப்புட்டீங்களே சார்! படகுல நீங்களா இருக்கீங்க?"

நியாயமான கேள்வி. எனவே நான் இறங்கிக்கொள்கிறேன். நீங்கள் ஏறுங்கள். பெட்டி காதைக் கிழிக்கிறது. வலை பாதிதான் நிரம்பியிருக்கிறது. இன்னும் கொஞ்சம் போனால் முழுக்க இறால். வயர் கைக்கு எட்டுகிறது. ஸ்டியரிங்கும் எட்டுகிறது.

கையை எங்கே கொண்டுபோகிறீர்கள்?